உள்மடிப்பு

பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் ஆறு நாள்.
மட்டக்குளியில் என் மெஷினுக்கு இதுதான் அறுவடைக் காலம்.
அரசாங்கத் துணி வந்துவிட்டது.
கஞ்சி கலையாத வெள்ளை, தொட்டால் மொடமொடக்கும்.
துணிக்குக் கஞ்சி தாராளம் என்று
வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்,
வாசலில் தேவிகலா நின்றாள்.

"தைக்கத் தேவல்ல அக்கா,
போன வருச கவுனே அப்புடியே அளவா இருக்கு.
துணிய வித்துடலாம்னு பாக்குறேன்,
யாரும் கேட்டா சொல்லுங்க."
சிரித்தாள்.
ஒரு செலவு மிஞ்சியவளின் சிரிப்பு.

கொப்பியைப் புரட்டினேன்.
சதுர்ஷிகா, எட்டு வயது.
தோள் பத்து, மார்பு இருபத்திரண்டு, நீளம் இருபத்திநாலு.
கீழே என் கையெழுத்து:
வளரும் பிள்ளை, மூன்று அங்குலம் உள்ளே விட்டிருக்கு.

கவுனின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன்.
நான் போட்ட தையல் அவிழவேயில்லை.
வெளியே துணி பழுத்துவிட்டது
கிணற்றுச் சவர்க்காரத்திலும் வெயிலிலும்.
மடிப்புக்குள்ளே மட்டும் கடைத்துணி வெள்ளை.
வெயில் படாத மூன்று அங்குலம்.
அவள் இன்னும் போய்ச் சேராத மூன்று அங்குலம்.

என்ன சாப்பிடுகிறாள் என்று நான் கேட்கவில்லை.
எங்கள் தோட்டத்தில் சுவர் பலகைதான், எல்லாம் கேட்கும்.
ஒரு முட்டையை நாலாய்க் கீறும் சத்தத்துக்குக்கூட
எனக்கு அடையாளம் தெரியும்.
தம்பிக்குக் கிளினிக்கில் கொடுத்த திரிபோஷவில்
ஆறு பேருக்கு உருண்டை பிடிக்கிறார்கள்,
தம்பிக்கும் ஒன்று.

போன மாதம் சந்திமா மிஸ் அட்டையைக் காட்டினாள்.
வளைந்து வளைந்து ஏறும் கோடு,
உலகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே கோடாம்.
எங்கள் தோட்டத்துப் புள்ளிகள் அதற்குக் கீழே,
மழைக்குத் தாழ்வாரத்தில் ஒதுங்கியவர்கள் மாதிரி.
எத்தனையோ நாடுகளில் இப்படி ஒதுங்கி நிற்கிறார்கள் என்றாள்.
மழை எப்போது விடும் என்று நான் கேட்டேன்.
மிஸ்ஸுக்குத் தமிழ் அவ்வளவு வராது.

இரவில் துறைமுக விளக்கில் மேற்கு வானம் சிவந்து கிடக்கும்.
உலகத்துச் சாமானெல்லாம் அங்கே இறங்குகிறது,
கோதுமை, பால்மா, டின்மீன்,
இறங்கி, வேறு கப்பலில் ஏறிப் போகிறது.
தேவிகலாவின் புருசன் அந்தப் பெட்டிகளைக் கட்டி அவிழ்ப்பவன்.
உள்ளே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

இதற்குள் சதுர்ஷிகா என் அளவு நாடாவை எடுத்து
மெஷின் சக்கரத்தை அளந்தாள்,
கத்திரிக்கோலை அளந்தாள்,
தூங்கும் பூனையை வாலோடு அளந்தாள்.
பிறகு நாடாவை நீட்டி:
"எனக்கு?"

சுவரோடு நிறுத்தினேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் பார்க்காத மாதிரி
குதிகாலை மெல்லத் தூக்கினாள்.
நானும் பார்க்காத மாதிரி நாடாவைப் பிடித்தேன்.
"அரை அங்குலம் கூடியிருக்கு" என்றேன்.

பிள்ளை சிரித்தது.
தாயின் சிரிப்பு போய்விட்டது.
"அப்ப புதுசு தைக்கணுமா அக்கா?"
விற்ற துணியின் காசில் அவள் மனசுக்குள்
எதையெல்லாம் ஏற்கெனவே வாங்கிவிட்டாளோ,
ஒவ்வொன்றாகத் திருப்பிக் கடைக்குக் கொண்டுபோனாள்,
என் கண் முன்னாலேயே.

"இல்ல, இல்ல. மடிப்ப கொஞ்சம் அவுத்தாப் போதும்."
பிளேடு எடுத்து என் தையலை நானே பிரித்தேன்.
அரை அங்குலம் இறக்கி மறுபடி அடித்தேன்.
காசு வாங்கவில்லை. பொய்க்கு என்ன காசு.

ஒழுங்கையில் போகிறார்கள்.
பழுத்த கவுனின் கீழ் ஓரத்தில்
புத்தம்புதிதாய் ஒரு வெள்ளைக் கோடு.
முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது,
அவளுக்கு அது பெரிது.
அதைப் பார்த்துப் பார்த்தே நடக்கிறாள், சாக்கடைப் பக்கம் போகாமல்.

கொப்பி திறந்தபடி கிடக்கிறது.
பெயர் எழுதியாயிற்று. வயது ஒன்பது என்று எழுதியாயிற்று.
நீளம் என்ற இடத்தில்
பேனையை வைத்துக்கொண்டு இருக்கிறேன்,
அடுத்த பிள்ளை வாசலில் வந்து நின்றுவிட்டது.